தரித்திருத்தல்: ஜெபத்தோடு சேர்ந்து வரும் ஒரு பழஞ்சொல்

"ஜெபத்திலே உறுதியாய்த் தரித்திருங்கள்" (ரோமர் 12:12). ஓய்வுநாள் பாடசாலையில் இந்த வசனத்தைச் சொல்லிக்கொடுத்தபோது, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, "ஜெபத்தை உடுத்திக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டாள். அவள் அறிந்த தரித்தல் அதுதான்: மாலை தரிப்பது, வேடம் தரிப்பது. பெரியவர்களிலும் பலர் இந்தச் சொல்லைப் பொருள் தெரியாமலே ஒப்புவித்துக் கடந்துபோகிறார்கள். சோர்ந்துபோகாமல், விசுவாசத்தை விடாமல் ஜெபிப்பதற்கு நம் வேதாகமம் வைத்திருக்கும் சொல் இது. அது மங்கிப்போவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

தரி என்பதன் வேர் வடமொழியில் உள்ளது. தாங்குதல், பிடித்திருத்தல் என்பது அந்த வேரின் பொருள். தர்மம் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். தமிழுக்கு வந்தபின் தரித்தல் இரண்டு வழியாகக் கிளைத்தது. உடலில் தாங்குவது ஒன்று: அணிதல், கருத்தரித்தல். ஓரிடத்தில் நிற்பது, தங்குவது மற்றொன்று. இந்த இரண்டாம் பொருள் தமிழ்நாட்டுப் பேச்சில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இலங்கைத் தமிழரிடம் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே பேருந்து நிற்கும் இடம் 'பேருந்துத் தரிப்பிடம்'. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று ரோமர் 12:12ஐப் படித்தால் உடையை நினைக்காது என்றே எண்ணுகிறேன்.

தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சேறியது 1715இல், தரங்கம்பாடியில். நாம் இன்று ஆலயங்களில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871இல் உருவானது. அதில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இயேசு பரமேறியபின் மேல்வீட்டறையில் கூடிய சீஷர்கள் "ஜெபத்திலும் வேண்டுதலிலும் தரித்திருந்தார்கள்" (அப்போஸ்தலர் 1:14). அப்போஸ்தலர்கள், ஜெபத்திலும் போதக ஊழியத்திலும் "இடைவிடாமல் தரித்திருப்போம்" என்கிறார்கள் (6:4). இந்த இடங்களிலெல்லாம் கிரேக்க மூலத்தில் இருப்பது 'ப்ரொஸ்கார்டெரேயோ' என்ற ஒரே வினைச்சொல். ஒன்றை விட்டு விலகாமல், வலுவோடு அதனருகே நிற்பது என்று அதற்குப் பொருள்.

அந்த வினை ஜெபத்துக்கு மட்டும் உரியதல்ல. மாற்கு 3:9இல் ஜனங்கள் நெருக்கியடிக்கும்போது, தமக்காக ஒரு படவை, அதாவது படகை, ஆயத்தமாக வைக்கும்படி இயேசு சீஷரிடம் சொல்கிறார். அந்தப் படவு அவர் பக்கத்தில் காத்துக் கிடப்பதற்கும் மூலத்தில் இதே வினைதான். ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவை விட்டு நீங்காமல் சேவித்த போர்ச்சேவகனுக்கும் (அப்போஸ்தலர் 10:7) இதுவே. கரையோரம் அழைப்புக்காகக் கிடக்கும் படவை மனத்தில் வைத்துக்கொண்டு "ஜெபத்திலே தரித்திருங்கள்" என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

இனி நல்ல தமிழ் எது? பிரசங்கங்களில் இப்போது அதிகம் கேட்பது 'விடாமுயற்சியுள்ள ஜெபம்'. எனக்கு அதில் உடன்பாடில்லை. முயற்சி என்றவுடன் பாரம் முழுவதும் ஜெபிக்கிறவர்மேல் ஏறிவிடுகிறது. பதில் வராவிட்டால், நான் போதிய அளவு முயலவில்லை என்று நொந்துகொள்ள நேர்கிறது. பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதே மேல்வீட்டறைக் காட்சியில் "இறைவேண்டலில் நிலைத்திருந்தார்கள்" என்கிறது. நிலைத்திருத்தல் என்பதே சரியான நிகர்ச்சொல். "என்னில் நிலைத்திருங்கள்" என்று யோவான் 15இல் இயேசு சொல்லும் சொல்லும் அதுவாகிவிடுவதால், ஜெபத்தில் நிற்பதும் அவரில் நிற்பதும் தமிழில் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. மூலத்தில் அவை வேறு வேறு வினைகள்தான். ஆனாலும் இந்தச் சேர்க்கையை நான் இழப்பாகக் கருதவில்லை. படவின் காத்திருப்பு மட்டும் அதில் முழுமையாக வருவதில்லை. அந்த இடத்தில் 'காத்திருத்தல்' துணைக்கு வரலாம்.

நிலைத்து நின்று கேட்பதற்கோ தமிழில் அருமையான சொல் ஒன்று உண்டு: மன்றாடுதல். மன்று என்பது ஊர் கூடும் அவை, வழக்கைக் கேட்கும் இடம். சொல்லாடு, வழக்காடு என்பவற்றில் வரும் 'ஆடு'தான் இங்கும். மன்றத்தில் நின்று முறையிடுவதே மன்றாட்டு. லூக்கா 18இல் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் ஓயாமல் போய் நின்ற விதவை செய்தது, சொல்லுக்குச் சொல், அதுதான். திருவிவிலியம் அந்த உவமையைத் தொடங்கும்போதே "மனந்தளராமல்", "மன்றாட" என்ற சொற்களை எடுத்தது எத்தனை பொருத்தம்! நள்ளிரவில் அப்பம் கேட்ட சிநேகிதனைப் பற்றிய உவமையில் (லூக்கா 11:8) பழைய மொழிபெயர்ப்பு "வருந்திக் கேட்கிறதினிமித்தம்" என்கிறது. அங்கே வருந்துதல் துக்கப்படுவதன்று. 'வருந்தி அழைத்தான்' என்கிறோமே, விடாமல் வற்புறுத்தும் அந்த வருந்துதல். கிரேக்கச் சொல் இன்னும் துணிச்சலானது. வெட்கத்தை விட்டுக் கேட்பது என்றே அதற்கு நேர்ப்பொருள்.

தரித்திருத்தல் என்ற சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருபவர், பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனின் தாய் மோனிக்கா. மகன் வட ஆப்பிரிக்க நகரான கார்த்தேஜை விட்டு ரோமாபுரிக்குப் போய்விடக் கூடாது என்று அவர் கடற்கரை அருகே இருந்த, இரத்தசாட்சி சிப்ரியானின் நினைவு ஆலயத்தில் இரவெல்லாம் கண்ணீரோடு ஜெபித்தார். அந்த இரவிலேயே மகன் அவருக்குத் தெரியாமல் கப்பலேறிவிட்டார். கேட்டது கிடைக்கவில்லை. மோனிக்கா ஜெபத்தை விடவும் இல்லை; பின்னாலேயே கடல் கடந்து இத்தாலிக்குப் போனார். 387ஆம் ஆண்டு, உயிர்த்தெழுந்த திருநாளையொட்டி, மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் கையால் அகுஸ்தீன் திருமுழுக்குப் பெற்றபோது தாயும் அந்த நகரில்தான் இருந்தார். அதே ஆண்டில், ஊர் திரும்பக் கப்பலுக்காகக் காத்திருந்த ஒஸ்தியா துறைமுகத்தில், அவர் கண் மூடினார்.