வட்டம் பெரிதானால் நொதி நல்லதா?

பூஞ்சை நொதி ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்றைக்காவது ஒரு நாள் பெட்ரி தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வருவார்கள். காங்கோ ரெட் சாயம் ஊற்றிக் கழுவிய தட்டு. சிவப்புக்கு நடுவே வெளிறிய வட்டம்; பூஞ்சையின் நொதி தட்டிலிருக்கும் செல்லுலோஸை வெட்டிய இடம் அது, அங்கே சாயம் ஒட்டாது. மரபணு மாற்றிய பூஞ்சையின் வட்டம் தாய்ப் பூஞ்சையினுடையதைப் போல் இரண்டு மடங்கு இருக்கும்.

நானும் அப்படி ஓடியவன்தான். டிரைக்கோடெர்மா ரீசெய் என்ற பூஞ்சைக்குள் ஒரு எண்டோகுளூக்கனேஸ் (செல்லுலோஸ் சங்கிலியை நடுவில் வெட்டும் நொதி) மரபணுவைச் செலுத்தியிருந்தேன். வட்டம் பிரமாதமாக வந்தது. அதே நொதிக் கரைசலை, நீர்த்த அமிலத்தில் வேகவைத்த வைக்கோலில் விட்டு மூன்று நாள் கழித்துச் சர்க்கரையை அளந்தால், தாய்ப் பூஞ்சை தந்ததைவிடக் குறைவு. கருவிக் கோளாறு என்று நினைத்து மறுபடி அளந்தேன். அதே கதை.

தட்டில் இருப்பது சி.எம்.சி., அதாவது நீரில் கரையும்படி வேதிமாற்றம் செய்த செல்லுலோஸ். அவிழ்ந்து கிடக்கும் நூல் மாதிரி, நடுவில் எங்கே வெட்டினாலும் அறுந்துவிடும். எண்டோகுளூக்கனேஸ் செய்வது அந்த வேலையைத்தான். செடியில் இருக்கும் செல்லுலோஸோ முறுக்கேறிய கயிறு. படிகமாக இறுகி, ஹெமிசெல்லுலோஸ் என்ற வேறு சர்க்கரைச் சங்கிலி பின்னி, மேலே லிக்னின் என்ற கடினப் பொருள் பூசியிருக்கும். அதற்கு நுனியைப் பிடித்து உரித்துக்கொண்டே போகும் செல்லோபயோஹைட்ரோலேஸ் வேண்டும். இந்தப் பூஞ்சை வெளியே விடும் புரதத்தில் ஏறக்குறைய பாதி, செல்7ஏ என்ற அந்த வகை நொதி ஒன்றுதான். என் மரபணுவுக்கு நான் கடன் வாங்கியிருந்ததும் செல்7ஏ-வின் ப்ரமோட்டரைத்தான், அதாவது மரபணுவை முடுக்கிவிடும் டிஎன்ஏ துண்டை. அந்த ஒத்த வரிசை தன் இனத்தைத் தேடிப் போய், செல்7ஏ இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அதை வெளியே தள்ளிவிட்டது. பிசிஆர் (டிஎன்ஏ-வின் ஒரு பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெட்டுகிற ஆளைச் சேர்த்துவிட்டு, உரிக்கிற ஆளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்!

இந்தப் பூஞ்சையின் கதையைத் தெரிந்துகொண்டால் எதை மாற்ற வேண்டும் என்பதும் புரியும். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மக்கிப்போயின. காரணம் தேடியபோது அகப்பட்டது க்யூஎம்6ஏ என்ற இந்த மூல வகை. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தின் எல்வின் ரீஸும் மேரி மாண்டெல்ஸும் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்கள். ரீஸ் பெயரைத்தான் பூஞ்சை சுமக்கிறது. இன்று தொழிற்சாலைகளில் ஓடும் ரீசெய் வகைகள் இதன் வாரிசுகள்.

2008-இல் மரபணுத் தொகுதி வெளியானபோது எல்லோருக்கும் ஒரு வியப்பு. செடியைச் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் மற்ற பல பூஞ்சைகளைவிட இதில் குறைவு. அப்படியானால் இதன் பலம் ஆயுத வகைகளில் இல்லை, சுரக்கும் திறனில் இருக்கிறது. நல்ல தொழில்வகை ஒன்று லிட்டருக்கு 100 கிராம் வரை புரதத்தை வெளியே கொட்டும். முட்டையின் வெள்ளைக்கரு கிட்டத்தட்ட அந்த அடர்த்திதான்.

ஆனால் சிக்கனக்காரப் பூஞ்சை. குளூக்கோஸ் கண்ணில் பட்டதும் நொதி உற்பத்தியை நிறுத்திவிடும். சர்க்கரை கைக்கெட்டும்போது வைக்கோலை ஏன் மெல்ல வேண்டும்? இந்தத் தடையைப் போடுவது சிஆர்இ1 என்ற புரதம். 1970-களில் புறஊதா ஒளியாலும் வேதிப்பொருளாலும் உருவாக்கிய ரட்-சி30 வகையில் அந்தப் புரதம் பழுதாகியிருக்கிறது. அன்று கண்ணை மூடிக்கொண்டு சல்லடை போட்டுக் கண்டெடுத்ததை இன்று கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரி கொண்டு குறிபார்த்துச் செய்கிறோம்.

அப்புறம், இல்லாததைச் சேர்க்கலாம். செல்7ஏ உரித்துத் தரும் செல்லோபயோஸை (இரண்டு குளூக்கோஸ் இணைந்த சர்க்கரை) குளூக்கோஸாக்கும் பீட்டா-குளூக்கோசிடேஸ் இதில் போதாது. செல்லோபயோஸ் தேங்கினால் செல்7ஏ-வே முடங்கும். அதனால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சையிலிருந்து அந்த நொதியின் மரபணுவைக் கொண்டுவருவார்கள். எல்பிஎம்ஓ நொதிகள் இன்னொரு வகை. இவை செம்பு அணுவை வைத்துக்கொண்டு படிகச் செல்லுலோஸின் மேற்பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்து கீறிவிடும். மற்ற நொதிகள் அந்தக் கீறலில் நுழையும். 2010-க்குப் பிறகுதான் இவற்றின் வேலை பிடிபட்டது. இவற்றுக்கு ஆக்சிஜனோ ஹைட்ரஜன் பெராக்சைடோ வேண்டும். ஆனால் பெராக்சைடு அளவு மீறினால் நொதியே வெந்துவிடும். ஆகவே மரபணுவைச் சேர்த்துவிட்டுத் தொட்டியில் காற்று விடுவதைக் கவனிக்காதவருக்குப் பலன் கிடைக்காது.

"இது தப்பித்துப் போய்க் காட்டை அழித்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதன் மூதாதை ஏற்கெனவே மண்ணில் வாழ்கிறது. தேவைக்கு மீறிப் புரதம் சுரக்கும்படி மாற்றிய பூஞ்சைக்கு வெளிப்போட்டியில் அது சுமைதான். அதற்காக யாரும் அப்படியே கொட்டுவதில்லை. நொதியை வடிகட்டி எடுத்தபின் மீந்த பூஞ்சையைக் கொன்றுதான் வெளியேற்ற வேண்டும். மரபணு ஏறிய பூஞ்சையைப் பிரித்தெடுக்கச் சேர்த்த ஹைக்ரோமைசின் (ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து) எதிர்ப்பு மரபணுவையும் உற்பத்திக்கு முன் நீக்கிவிடுவது நல்ல பழக்கம்.

எனக்குப் பெரிய கவலை வேறு: நொதித் தூள். 1960-களின் பிற்பகுதியில் சலவைத்தூள் ஆலைகளில் நொதித் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது. அதற்குப் பிறகுதான் நொதியை மேற்பூச்சு கொடுத்துக் குருணையாக்கும் வழக்கம் பரவியது. செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸ், ஹெமிசெல்லுலோஸைச் சிதைக்கும் சைலனேஸ் ஆகியவற்றின் தூளும் அப்படித்தான், மரபணு மாற்றிய பூஞ்சை தந்ததாக இருந்தாலும் சாதாரணப் பூஞ்சை தந்ததாக இருந்தாலும். முதல் முறை ஒன்றும் செய்யாது. உடல் அதை அடையாளம் வைத்துக்கொண்டபின் சிறு அளவே மூச்சுத்திணறலைக் கிளப்பும். தூளை எடை போடுவது ஃப்யூம் ஹுட்டுக்குள் (காற்றை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டு) நடக்கட்டும். கொட்டிவிட்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள், காற்றடித்து ஊதவும் வேண்டாம். ஈரத்துணியைப் போட்டு மூடி, அப்படியே ஒற்றி எடுங்கள்.