மீண்டெழுதிறன்: சாலை ஆய்வில் ஒரு சொல், மூன்று பொருள்

போக்குவரத்துப் பொறியியலில் இன்று ‘ரெசிலியன்ஸ்’ என்ற சொல் இல்லாத ஆய்வுத் திட்டம் அரிது. வெள்ளத்துக்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுக்கும் சாலை, ரயில்பாதை, துறைமுகம் என்று எதை எடுத்தாலும் தலைப்பிலேயே அது வந்துவிடுகிறது. தமிழில் எழுதும் மாணவர்கள் அதற்குத் தாங்குதிறன், மீள்திறன், மீள்தன்மை, நெகிழ்திறன், தாக்குப்பிடிக்கும் தன்மை என்று ஐந்தாறு சொற்களை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். எது வந்தாலும் பொருள் ஒன்றுதான் என்று நினைப்பது தவறு. சொல் மாறினால் எதை அளக்க வேண்டும் என்பதே மாறிவிடும்.

லத்தீனில் ‘சலீரே’ என்றால் குதித்தல். ‘ரெ’ என்ற முன்னொட்டு சேர்ந்த ‘ரெசிலீரே’ பின்னோக்கித் துள்ளுவதைக் குறிக்கும். 1620களில் பிரான்சிஸ் பேக்கன் எதிரொலியைப் பற்றி எழுதியபோது இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் பயன்படுத்தினார். ஒலி பட்டுத் திரும்புவதுதான் அங்கே பொருள். 1818இல் தாமஸ் ட்ரெட்கோல்ட் மர உத்திரங்களின் வலிமையை விளக்க இதை எடுத்தாண்டார். அதிலிருந்து இது பொறியாளர்களின் சொல்லானது. 1973இல் சூழலியலாளர் ஹாலிங், குலைவை உள்வாங்கிக்கொண்டும் தன் உறவுகளை இழக்காமல் தொடரும் ஒரு சூழலமைப்பின் ஆற்றலுக்கு இந்தப் பெயரை வைத்தார். பேரிடர் ஆய்வுக்கு வந்தபோது சொல்லில் இவ்வளவு சுமையும் ஏறியிருந்தது.

சாலை ஆய்வு மாணவர் இதை மூன்று இடங்களில் சந்திக்கிறார்.

முதல் இடம் பொருள்களின் வலிமையியல். ஒரு கம்பியை இழுக்கிறோம். நெகிழ்வுப் புள்ளியை, அதாவது கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் நிலையை, தாண்டாமல் விட்டுவிட்டால் உள்ளே சேர்ந்த ஆற்றல் முழுவதும் திரும்பிவிடும். ஒரு கன மீட்டரில் அப்படிச் சேரக்கூடிய உச்ச ஆற்றலே ‘மாடுலஸ் ஆஃப் ரெசிலியன்ஸ்’. நெகிழ்வுத் தகைவின் வர்க்கத்தை யங் குணகத்தின் இருமடங்கால் வகுத்தால் இது கிடைக்கும். நெகிழ்வுத் தகைவு 415 மெகாபாஸ்கல் உள்ள 415 தரக் கம்பிக்கு 415 × 415 ÷ (2 × 2,00,000), அதாவது கன மீட்டருக்குச் சுமார் 0.43 மெகாஜூல். 500 தரக் கம்பிக்கு 0.625. இது ஆற்றலின் அளவு என்பதால் ‘மீள் ஆற்றல் அடர்த்தி’ என்று எழுதிவிட்டால் குழப்பமில்லை.

இரண்டாவது இடம் சாலைத்தளம். இங்கே சொல்வரிசை திரும்பி ‘ரெசிலியன்ட் மாடுலஸ்’ ஆகிறது. பெயர்கள் கண்ணாடிப் பிம்பம் போல இருப்பதால் தேர்வுத்தாளிலும் ஆய்வேட்டிலும் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. இது ஆற்றல் அன்று, விறைப்பு. மண் மாதிரியை எல்லாப் பக்கமும் அழுத்தம் தரும் மூவச்சுக் கலத்தில் (ட்ரையாக்சியல்) வைத்து, ஓடும் சக்கரத்தைப் போல 0.1 விநாடி அழுத்தி 0.9 விநாடி ஓய்வு கொடுக்கிறார்கள். முதலில் 500 முதல் 1,000 சுற்றுகள் மண் படிவதற்காக மட்டும். அதன்பின் 15 விதமான அழுத்த நிலைகளில் தலா 100 சுற்றுகள். ஒவ்வொன்றிலும் கடைசி ஐந்து சுற்றுகளின் சராசரியை எடுப்பது வழக்கம். திரும்பத் திரும்பக் கொடுக்கும் சுழற்சித் தகைவை, சுமை நீங்கியதும் திரும்பிவரும் திரிபால் வகுத்தால் கிடைப்பதே குணகம். திரும்பிவராத திரிபு மண்ணிலேயே தங்கிச் சேர்ந்து, பிற்காலத்தில் சக்கரத் தடப் பள்ளமாக மேலே தெரியும். ‘மீள்வுக் குணகம்’ என்பது இதற்குப் பொருத்தமான பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் ‘குணகம்’ என்பது இலங்கையில் ‘மட்டு’. அங்கே ‘மீள்வு மட்டு’ எனலாம்.

இந்தக் கலம் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. இந்தியச் சாலைப் பேரவையின் தார்ச்சாலை வடிவமைப்பு வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 37, மண்ணின் வலிமையைக் காட்டும் சி.பி.ஆர். (கலிஃபோர்னியா பேரிங் ரேஷியோ) மதிப்பிலிருந்தே கணக்கிட வழி தருகிறது. சி.பி.ஆர். 5 வரை இருந்தால் அதைப் பத்தால் பெருக்க வேண்டும். 5க்கு மேல் இருந்தால் சி.பி.ஆரை 0.64 அடுக்குக்கு உயர்த்தி 17.6ஆல் பெருக்க வேண்டும். விடை மெகாபாஸ்கலில் வரும். சி.பி.ஆர். 8 உள்ள மண்ணுக்கு ஏறத்தாழ 67 மெகாபாஸ்கல். அதே மண் வெள்ளத்தில் ஊறி 4க்கு இறங்கினால் 40 மெகாபாஸ்கல்தான். வெள்ளம் வடிந்த மறுநாளே மணல் லாரியை விட்டால் சாலை உடைவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது: மேலே தார் காய்ந்து தெரியும், அடிமண் இன்னும் ஊறியே கிடக்கும். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் நடந்த ஆய்வு, நீரில் மூழ்கிய தார்ச்சாலைகள் சுமார் 2 அங்குலத் தார்க்கலவை அடுக்கை இழந்ததற்கு இணையாக வலுவிழந்ததாகக் கண்டது. கண்ணுக்கு அந்தச் சேதம் தெரியவில்லை. திறக்கலாமா என்று முடிவெடுக்க, சுமை நீங்கியதும் தளம் எழும்புவதை அளக்கும் நீண்ட கோல் போன்ற கருவியான பெங்கல்மேன் பீம் போதும்: 8,170 கிலோ பின்னச்சுச் சுமையுள்ள லாரியின் இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே முனையை வைத்து ஓர் அளவு, லாரி 2.7 மீட்டர் நகர்ந்ததும் ஓர் அளவு, மேலும் 9 மீட்டர் போனபின் ஓர் அளவு. தளம் எவ்வளவு மேலெழுந்து திரும்புகிறது என்பதையே இது காட்டுகிறது. வெள்ளத்துக்கு முன் அதே இடத்தில் எடுத்த அளவு கையில் இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. ஆய்வுக் குழுக்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இது.

மூன்றாவது இடமே பருவநிலை ஆய்வு. இங்கே பேச்சு ஒரு கம்பியையோ ஒரு கூடை மண்ணையோ பற்றியதன்று, முழு அமைப்பின் சேவையைப் பற்றியது. மிஷெல் புரூனோவும் உடனாய்வாளர்களும் 2003இல் நிலநடுக்கத்துக்காக வகுத்த வரைபடமே இன்றும் அடிப்படை. நேரத்தைக் கிடைக்கோட்டிலும், சேவை எத்தனை விழுக்காடு நடக்கிறது என்பதைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்தால், இடர் வந்த நாளில் கோடு சரிந்து, பழுதுபார்க்கப் பார்க்க மேலேறும். 100க்கும் அந்தக் கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பே இழப்பு. மழையில் சிறுபாலம் அரித்துப்போய், 10 நாள் போக்குவரத்து முழுவதும் நின்று, அடுத்த 20 நாள் ஒரு தடத்தில் பாதி அளவு நடந்தால்: 10 × 100 + 20 × 50 = 2,000 விழுக்காட்டு நாள். அவர்கள் இதற்கு நான்கு கூறுகளைச் சொன்னார்கள். உறுதி, மாற்றுவழி, கைவசமுள்ள ஆளும் பொருளும், விரைவு.

‘தாங்குதிறன்’ ஏன் கூடாது என்பது இப்போது புரியும். அது நான்கில் உறுதியை மட்டுமே சொல்கிறது. அடித்தளவியலில் மண்ணின் சுமை தாங்கும் அளவுக்கும் ஏற்கெனவே அது வழங்குகிறது. தலைப்பில் தாங்குதிறன் என்று போட்டவர் கான்கிரீட் தரத்தை அளந்துவிட்டு முடித்துவிடுவார்; மாற்றுப்பாதையும் மூடியிருந்த நாள்களும் கணக்கில் வராது. ‘நெகிழ்திறன்’ வளைந்துகொடுப்பதோடு நிற்கிறது. தார்த்தளத்தை ‘நெகிழ்தளம்’ என்று எழுதுகிற துறையில் அது வேறு குழப்பம். ‘மீள்தன்மை’ பலர் மனத்தில் மீட்சித்தன்மையோடு (இலாஸ்டிசிட்டி) ஒட்டிக்கிடக்கிறது.

பாம்பனில் நான்கு கூறுகளும் ஒன்றுக்கொன்று எப்படி ஈடுசெய்கின்றன என்று பார்க்கலாம். 1964 டிசம்பர் 22–23 இரவில் புயல் 1914இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களைக் கடலில் தள்ளியது. திறந்து மூடும் ஷெர்சர் பகுதி தப்பியது. அன்று தீவுக்குச் சாலைப் பாலம் கிடையாது; மாற்றுவழி என்ற கூறு ஏறக்குறைய சுழியம். ரயில்வே ஆறு மாதம் குறித்திருந்த வேலையை ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் முடித்தார்கள். முழு நிறுத்தம் என்று கொண்டால் இழப்பு 4,600 விழுக்காட்டு நாள். ஆறு மாதம் ஆகியிருந்தால் ஏறக்குறைய 18,000. உறுதியில் தோற்ற பாலத்தை விரைவு காப்பாற்றியது. அதே புயலில் போன தனுஷ்கோடிப் பாதை திரும்பவே இல்லை. அங்கே கோடு மேலேறவில்லை என்பதால் இழப்பின் பரப்பு மூடுவதில்லை. பரப்பைக் கணக்கிட முனைவதே பிழை.

ஆகவே இந்த மூன்றாம் பொருளுக்கு ‘மீண்டெழுதிறன்’ என்று எழுதுவதே சரி. ‘மீள்’ திரும்புவதைச் சொல்கிறது. ‘எழு’ அதோடு நிற்காமல், பழைய இடத்துக்கு மேலும் போகலாம் என்பதற்கு இடம்தருகிறது. பருவநிலை ஆய்வில் இது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அடித்துப்போன சிறுபாலத்தைப் பழைய கண்விட்டத்திலேயே திரும்பக் கட்டினால் பழைய தவறும் திரும்பும். 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு வடிவமைத்த மதகை அந்த வெள்ளம் 30 ஆண்டில் ஒருமுறையாவது எட்டும் வாய்ப்பு 45 விழுக்காடு: ஓர் ஆண்டில் அது வராமலிருக்கும் வாய்ப்பான 0.98ஐ 30 முறை பெருக்கி, 1இலிருந்து கழித்தால் கிடைக்கும். மழை மாறி அதே வெள்ளம் 25 ஆண்டுக்கு ஒருமுறை என்றானால் 71 விழுக்காடு. இந்தக் கணக்குக்கு மாணவர்கள் நாள் மழையளவையே எடுத்துவிடுகிறார்கள். சிறிய நீர்ப்பிடிப்பில் வெள்ளம் ஒரு மணி நேரத்துக்குள் மதகை அடைந்துவிடும் என்பதால் மணி மழையளவு வேண்டும். நாள் மொத்தத்தை 24ஆல் வகுத்தால் உச்சம் காணாமல் போகும்.

வெப்பத்துக்கும் இதே பார்வைதான். தாருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 73 தார் வகையை ஏழு நாள் உச்ச வெப்பச் சராசரியைக் கொண்டு பிரிக்கிறது: 38 முதல் 45 டிகிரி வரை வி.ஜி. (பாகுத்தன்மைத் தரம்) 30, அதற்கு மேல் வி.ஜி. 40. கடந்த ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு தேர்ந்தால் மீள்வுக் குணகம் சரியாக வரலாம். சாலையின் ஆயுள் முழுவதற்குமான மீண்டெழுதிறன் வராது. இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு சொற்களையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் பொருள் எப்படிக் குலைகிறது என்று தெரியும்.