எல்லை தாண்டினால் எந்தச் சட்டம்? பாக் நீரிணை மீன்பிடி விதிகள், வேலூர் வாசகர்களுக்கு

"நெடுந்தீவு அருகே எல்லை தாண்டி மீன் பிடித்ததாகக் கூறி மீனவர்கள் கைது" என்ற செய்தி இலங்கைப் பக்கத்திலிருந்து வாராவாரம் வருகிறது. கடலே இல்லாத வேலூர் மாவட்டத்தில் இதைப் படிப்பவர்களுக்கு, அந்த எல்லை எங்கே இருக்கிறது, யார் போட்டது, தாண்டினால் என்ன தண்டனை என்பதெல்லாம் மங்கலாகவே இருக்கும். பிடிபட்ட மீனவரின் கதி அவர் எந்தக் கடலில் நின்றார் என்பதைப் பொறுத்தது. அதைத்தான் இங்கே விளக்குகிறோம்.

முதலில் அளவு. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். 1982-ம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தப்படி, கரையிலிருந்து 12 கடல் மைல் (சுமார் 22 கி.மீ.) வரை அந்த நாட்டின் ஆட்சிக்கடல். 200 கடல் மைல் (சுமார் 370 கி.மீ.) வரை அதன் தனிப் பொருளாதார மண்டலம், அங்கே மீன் அந்த நாட்டுக்குச் சொந்தம், ஆனால் கப்பல்கள் போய்வரத் தடையில்லை.

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள பாக் நீரிணைப் பக்கம் இந்தக் கணக்குக்கு இடமே போதாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 29 கி.மீ.தான், அதாவது வேலூரிலிருந்து வாலாஜாபேட்டை போகிற தூரம். இரண்டு பக்கமும் ஆளுக்கு 22 கி.மீ. கேட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். அதனால் நடுவே ஒரு கோடு போட வேண்டியிருந்தது. நம் சாலையில் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு ரத்தினகிரி பக்கத்தில் விழும். ரத்தினகிரி தாண்டினால் வேறு நாடு என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீரில் மைல்கல்லும் கிடையாது, வேலியும் கிடையாது.

அந்தக் கோடு இரண்டு தவணையாகப் போடப்பட்டது. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பாக் நீரிணை முதல் ராமர் பாலம் வரை. 1976 மார்ச் 23-ல் வந்த ஒப்பந்தம், மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும்.

பொதுப் பேச்சில் எல்லாப் பழியும் கச்சத்தீவின் மேல் விழுகிறது. சுமார் 285 ஏக்கர் உள்ள அந்தத் தீவு 1974-ல் இலங்கைப் பக்கம் போனது. ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் வழக்கம்போல் அங்கே வந்துபோகலாம் என்கிறது. வலை உலர்த்தலாம், அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குப் போகலாம் என்று இதற்குப் பொருள் சொல்லப்படுகிறது. மீன் பிடிப்பது பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. 6-வது பிரிவு இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது. மரபுரிமை கேட்பவர்களுக்குப் பிடிமானம் இதுதான். ஆனால் 1976 மார்ச் 23 அன்று இரு வெளியுறவுச் செயலாளர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். எங்கள் பார்வையில், மீனவனின் வயிற்றில் அடித்தது தீவு போனதைவிட இந்தக் கடிதம்தான். அந்த முடிவை எடுக்கும்போது கரையோரத்தில் யாரையும் கேட்கவில்லை என்ற ஆற்றாமை இன்றும் ஆறவில்லை. தமிழகச் சட்டமன்றம் 2025 ஏப்ரல் 2-ல் கச்சத்தீவை மீட்கக் கோரித் தீர்மானம் போட்டது. தீவு திரும்பி வந்தாலும், அந்தக் கடிதம் மாறாதவரை கோட்டுக்கு அப்பால் வலை போட அனுமதி கிடைக்காது.

அடுத்து, பலரும் தவறாகச் சொல்லும் ஒரு விஷயம். கடல் சட்ட ஒப்பந்தத்தின் 73-வது பிரிவு, மீன்பிடிக் குற்றத்துக்கு வெளிநாட்டு மீனவரைச் சிறையில் போடக் கூடாது, பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் உடனே விட வேண்டும் என்கிறது. 'அப்படியிருக்க நம் ஆட்களை எப்படிச் சிறையில் வைக்கிறார்கள்?' என்று கேட்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு தனிப் பொருளாதார மண்டலத்துக்கு மட்டும்தான். பாக் நீரிணை வரலாற்றுவழி நீர்ப்பரப்பு, அதாவது நெடுங்காலமாக இரு நாடுகளும் தங்களுடையதாகவே வைத்திருக்கும் கடல்; தன் பக்கத்தை உள்நாட்டு நீராக இலங்கை 1977-ல் அறிவித்துவிட்டது. அங்கே பிடிபடுவது ஊருக்குள் பிடிபடுவது போல. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போய் மாலத்தீவுப் பக்கம் அந்த மண்டலத்தில் பிடிபடுபவருக்கு 73-வது பிரிவு கைகொடுக்கும். ராமேஸ்வரம் மீனவருக்குக் கைகொடுக்காது.

இலங்கைச் சட்டம் கடுமையானது. கடலின் அடிவரை இறக்கி விசைப்படகால் இழுக்கும் வலையான இழுவை மடிக்கு 2017-ல் அங்கே முழுத் தடை வந்தது. 2018 திருத்தத்தில், அத்துமீறும் வெளிநாட்டுப் படகுக்குப் படகின் நீளத்தைப் பொறுத்து 50 லட்சம் முதல் 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை அபராதம் வைத்தார்கள்.

இந்தக் கடுமைக்கும் காரணம் உண்டு. போர் நடந்த காலத்தில் வட இலங்கை மீனவர்கள் கடலில் இறங்கக் கடும் கட்டுப்பாடு இருந்தது. ஆளில்லாத கடலில் நம் விசைப்படகுகள் இறால் வாரிப் பழகின. 2009-ல் போர் முடிந்து அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, இரவோடு இரவாக அவர்களின் வலைகள் அறுபட்டன. இழுவை மடி அடிக்கடலைச் சுரண்டிக்கொண்டே போகும். வழியில் நிற்கிற சிறு வலையையும் சேர்த்து இழுத்துவிடும். வலை போனவரும் தமிழர்தான், யாழ்ப்பாணத்துக்காரர், மன்னார்க்காரர். மேல்மொணவூர் மறுவாழ்வு முகாம் நம் பக்கத்தில் இருப்பதால், அந்தக் கரையின் வலியும் நமக்கு அந்நியம் இல்லை.

பிடிபட்டால் நடப்பது இது. கடற்படை ஆட்களையும் படகையும் காங்கேசன்துறைக்கோ மன்னார்ப் பக்கமோ கொண்டுபோய் மீன்வளத் துறையிடம் ஒப்படைக்கும். ஊர்காவற்றுறை, மல்லாகம், பருத்தித்துறை, மன்னார் என்று பிடிபட்ட இடத்துக்கேற்ற நீதிமன்றத்தில் நிறுத்தி, பெரும்பாலும் இரண்டு வாரம் காவலில் வைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரக அதிகாரிகள் சிறையில் வந்து பார்ப்பார்கள். முதல் தடவை என்றால் பெரும்பாலும் ஒத்திவைத்த தண்டனை கொடுத்து, கொழும்பு வழியாக விமானத்தில் சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஒத்திவைப்புக் காலத்துக்குள் மறுபடியும் பிடிபட்டால் பழைய தண்டனையும் சேர்ந்துகொள்ளும். 'போன தடவை விட்டார்களே' என்று நம்பிப் போனவர்கள்தான் மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறார்கள்.

படகின் வழக்கு தனி. உரிமையாளர் குறிப்பிட்ட நாளில் பதிவுச் சான்றோடு அங்கே ஆஜராகி உரிமை கோர வேண்டும். போகாவிட்டால் படகு அரசுடைமை. பதிவு ஒருவர் பெயரிலும், படகை வாங்கி ஓட்டுபவர் வேறொருவராகவும் இருந்தால் வழக்கு அங்கேயே விழுந்துவிடும்.

உள் மாவட்டங்களிலிருந்து கூலிக்குப் படகேறுகிற பிள்ளைகளின் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். படகு கிளம்புமுன் மீன்வளத் துறை அலுவலகத்தில் வாங்கும் டோக்கனில் உங்கள் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆளைவிட்டு ஆள் மாற்றி ஏற்றினால், அவர் கடலுக்குப் போனதற்கே தாளில் சாட்சி இருக்காது. ஆதார் நகல், மீனவர் அடையாள அட்டை நகல், படகின் பதிவு எண், உரிமையாளர் கைபேசி எண் நான்கும் வீட்டில் இருக்கட்டும். கைது என்று தெரிந்ததும், படகு பதிவான துறைமுகத்தின் மீன்வளத் துறை உதவி இயக்குநருக்கு எழுத்தில் மனு கொடுங்கள்; அதன் நகலை வேலூர் ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் பதிவு செய்யுங்கள். சிறையில் இருக்கும் நாட்களுக்குக் குடும்பத்துக்குத் தமிழக அரசு தினப்படி உதவித்தொகை தருகிறது. 50 ரூபாயாக இருந்தது 2011-ல் 250 ஆகி, பிறகு 350 ஆனது. மனு கொடுக்கும் நாளில் நடப்பில் உள்ள தொகையைக் கேட்டு வாங்குங்கள்.

கோட்டைத் தாண்டாமல் பிழைக்க வழி கொடுக்கிறோம் என்று 2017-ல் ஒரு திட்டம் வந்தது. பாக் நீரிணை இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடல் சூரைமீன் தூண்டில் படகு வாங்கலாம். அப்போதைய விலை 80 லட்சம். அதில் மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவர் கையிலிருந்து 8 லட்சம். 2,000 படகுகளை மாற்றுவது இலக்கு. அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ராமேஸ்வரம் பக்கத்துத் தொழில் ஒரு இரவுத் தொழில். சாயங்காலம் போய்க் காலையில் கரை சேர்வார்கள். சூரைக்குப் போனால் வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும், பனிக்கட்டி, டீசல், ஆள் எல்லாம் பல மடங்கு. பழக்கமில்லாத தொழிலுக்கு 16 லட்சம் கடனை யார் தலையில் ஏற்றிக்கொள்வார்? பயிற்சியும் முதல் இரண்டு பருவத்துக்கான செலவுத் தொகையும் மானியத்தோடு சேர்ந்து வந்திருந்தால் இன்னும் பலர் மாறியிருப்பார்கள்.

மத்திய அரசு இலவசமாகப் பொருத்தித் தரும் டிரான்ஸ்பாண்டர் கருவி, எல்லையை நெருங்கினால் கைபேசிச் செயலியில் எச்சரிக்கும். அதை அணைத்துவிட்டுப் போனால் பயனில்லை. மடி கீழே இருக்கும்போது இன்ஜின் கெட்டால், நீரோட்டம் படகைத் தானே கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடும். அப்போது நீங்கள் வழிதவறினீர்கள் என்பதற்கு அந்தக் கருவியின் பதிவுதான் சாட்சி.