அம்யூனிஷன்: தோட்டாவா, கணையா?

'டிராவலர்' என்ற விண்வெளி ஆர்பிஜியை, அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தை, நண்பர்களோடு தமிழிலேயே ஆட ஆரம்பித்தபோது, நாங்கள் முதலில் முட்டி நின்ற சொல் அம்யூனிஷன், அதாவது ஆயுதத்தில் போட்டுச் சுடுவதற்கான சரக்கு. விண்கலம், கோள், ஈர்ப்பு எல்லாம் தடையில்லாமல் வாயில் வந்தன. ஆளுக்கொரு தாளில் தன் பாத்திரத்தின் ஆயுதப் பெயரை எழுதிவிட்டு, அதற்கடுத்த 'அம்யூனிஷன்' என்ற கட்டத்தை நிரப்ப வந்ததும் ஒருவர் 'தோட்டா' என்று எழுதினார், இன்னொருவர் 'வெடிமருந்து' என்றார். முதலாமவர் வைத்திருந்தது லேசர். இரண்டாமவர் வைத்திருந்தது காந்தத்தால் இயங்கும் காஸ் ரைஃபிள். இரண்டிலுமே தோட்டாவும் இல்லை, மருந்தும் இல்லை.

சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'முனீரே' என்றால் மதில் கட்டி அரண் செய்வது. அதிலிருந்து பிரெஞ்சில் 'முனிசியோன்' வந்தது. படைக்கு வேண்டிய எல்லாச் சரக்கையும் அந்தச் சொல் குறித்தது. சிப்பாய்க்குக் கொடுக்கும் ரொட்டிக்குக்கூட 'முனிசியோன் ரொட்டி' என்றுதான் பெயர். பிரெஞ்சில் பெயர்ச்சொல்லுக்கு முன்னே வரும் 'லா'வோடு சேர்த்து 'லா முனிசியோன்' என்று சொல்லும்போது காதில் 'ல் அமுனிசியோன்' என்று விழுந்து, அந்த 'அ' சொல்லோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய அந்த 'அ'வோடுதான் ஆங்கிலம் அதை வாங்கிக்கொண்டது. ஆக, வெடிப்பதற்கும் இந்தச் சொல்லுக்கும் பிறப்பிலேயே உறவு கிடையாது. கையிருப்பு, சரக்கு என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் பொருள்.

தமிழில் நாம் பழகியிருக்கும் சொற்களோ பெரும்பாலும் வெடியைச் சுற்றியே இருக்கின்றன. தோட்டா உருதுவழி வந்தது. குண்டையும் மருந்தையும் ஒன்றாகக் கட்டிய பொட்டலம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். 1857இல் சிப்பாய்கள் பல்லால் கடித்துத் திறக்க வேண்டியிருந்த, கொழுப்புத் தடவிய காகித உருளை தோட்டா. இன்றைய பித்தளைக் குப்பிக்குள் மருந்தும் முனையில் ஈயமும் வைத்து வருவதும் தோட்டா. பாறையை உடைக்க வைக்கும் வெடியையும் அப்படித்தான் சொல்கிறோம். மருந்து உள்ளே இருந்தால்தான் அது தோட்டா. இலங்கைத் தமிழில் ரவை, சன்னம் என்கிறார்கள். இவை பறந்து போகும் துண்டை மட்டும் குறிக்கும் நல்ல சொற்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு ரவை என்றதும் உப்புமா நினைவுக்கு வந்துவிடும் என்பதால் தயங்குகிறேன்.

துப்பாக்கியின் கதை வேறு. அது துருக்கியின் 'துஃபெக்' என்ற சொல்லின் உறவு. அந்தச் சொல்லின் பழைய வடிவம் ஊதுகுழலைக் குறித்தது, அதாவது சின்ன உருண்டையை உள்ளே போட்டு வாயால் ஊதிக் குருவி அடிக்கும் குழல். மருந்தே இல்லாத கருவியின் பெயர் அது. அதனால் காந்தத்தால் தள்ளினாலும் ஒளியைப் பாய்ச்சினாலும் துப்பாக்கி என்று தயங்காமல் சொல்லலாம்.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். டிராவலர் 1977இல் மார்க் மில்லர் வடிவமைத்து வந்தது. எந்த உலகம் எவ்வளவு முன்னேறியது என்பதற்கு அதில் தொழில்நுட்ப நிலை என்று ஓர் எண் உண்டு. கணிதமேதை கார்ல் ஃபிரெட்ரிக் காஸின் பெயரைத் தாங்கிய ரைஃபிள் 12ஆம் நிலையில் கிடைக்கும். குழல் நெடுக இருக்கும் மின்காந்தச் சுருள்கள் வரிசையாக உயிர்பெற்று, 4 மில்லிமீட்டர் ஊசி ஒன்றை இழுத்து எறியும். துப்பாக்கியில் செருகும் ஒரு மேகசினில் 40 ஊசிகள். இந்த ஊசியை என்னவென்று சொல்வது? நான் 'கணை' என்கிறேன். வில் தள்ளுகிறதா, மருந்து தள்ளுகிறதா, காந்தம் தள்ளுகிறதா என்ற கேள்வியே அந்தச் சொல்லில் கிடையாது. நீண்டு திரண்டு பாய்வது எதுவோ அது கணை. கணைக்காலில் இருப்பதும் அதே திரட்சிதான். ஊசிக்கணை என்று சொல்லிப் பாருங்கள், அதன் வடிவமே கண்ணில் தெரியும்.

எடையில்லா வெளியில் சண்டை போட ஆக்சிலரேட்டர் ரைஃபிள் என்று ஒன்று உண்டு. சாதாரணத் துப்பாக்கியை அங்கே சுட்டால் பின்னுதைப்பில் சுட்டவரே உருண்டு போவார். அதனால் இதன் கணை குழலை விட்டு மெதுவாக வெளியேறி, அப்புறம்தான் தன் மருந்தை எரித்து வேகமெடுக்கும். அது விரல் அளவு ஏவுகணை. இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம், 'சிற்றேவுகணை' போதும்.

லேசரில் கணையும் இல்லை. முதுகில் மாட்டிய மின்பொதியிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வரும். லேசர் கார்பைன் என்ற குட்டை ரைஃபிளுக்கு 50 முறை, லேசர் ரைஃபிளுக்கு 100 முறை சுடும் அளவுக்குப் பொதியில் தெம்பு இருக்கும். நாம் எண்ணுவது பொருளை அல்ல, எத்தனை வேட்டு என்பதை. '50 வேட்டு' என்றால் வெடிச்சத்தம் கேட்கிறது என்று என் நண்பர் மறுத்தார். அவர் சொன்னது சரிதான். 'சார்ஜ்' என்றே வைத்துக்கொண்டோம். ஊரெல்லாம் பேசும் சொல் அது, அதை விரட்ட வேண்டியதில்லை.

ரவுண்டை மட்டும் வெளியே நிறுத்திவிட்டேன். 'மூன்று ரவுண்டு சுட்டார்கள்' என்று செய்தியில் வருவதைச் சுற்று என்றும் எழுதுகிறார்கள். ஆனால் டிராவலரின் முதல் பதிப்பில் சண்டையின் ஒரு சுற்று என்பது 15 விநாடி. 'இந்தச் சுற்றில் நான்கு சுற்று சுட்டேன்' என்று ஒருவர் சொன்னதும் மேசையில் இருந்த எல்லோரும் வெவ்வேறு கணக்குப் போட்டோம். காலத்துக்குச் சுற்று, பாய்வதற்குக் கணை என்று பிரித்த பிறகுதான் அந்தச் சண்டை முடிந்தது.

அப்புறம் மேகசின். அரபியில் 'மக்ஸன்' என்றால் கிடங்கு. சொற்கிடங்கு என்ற பொருளில்தான் இதழுக்கும் அதே பெயர் வந்தது. நம்மிடம் அம்புக்கூடு என்ற சொல் இருக்கிறது, அதைக் கணைக்கூடு ஆக்கினேன். கட்டத்தின் தலைப்பை 'இருப்பு' என்று மாற்றினேன். முனிசியோனின் பழைய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. இப்போது எங்கள் தாளில் இப்படி இருக்கிறது: காஸ் துப்பாக்கி, கணைக்கூடு 2, இருப்பு 80 கணை. லேசர் கார்பைன், மின்பொதி 1, இருப்பு 50 சார்ஜ்.

ஒரு கட்டம் மட்டும் எண்ணில்லாமல் இருக்கிறது. விண்கலத்தின் லேசர் பீரங்கிக்குக் கலத்தின் மின் உலையிலிருந்து நேரே மின்சாரம் வருகிறது, உலை ஓடும்வரை அது தீராது. அதற்கு நேரே 'அம்பறாத்தூணி' என்று எழுதியிருக்கிறேன். அம்பு, அறா, தூணி: அம்பு தீராத கூடு.