‘குடிச்சுப்போட்டு’ கொச்சை இல்லை

கட்டுரைக் கொப்பியில் ‘குடிச்சுப்போட்டு’ என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, ஓரத்தில் ‘கொச்சை’ என்று எழுதுவதை ஆசிரியர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். எழுத்தில் ‘குடித்துவிட்டு’ என்று வரவேண்டும். அதைச் சொல்லிக் கொடுங்கள். வன்னிப் பேச்சு சிதைந்த தமிழ் என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். அது பொய்.

‘காலபோக நெல்லை வெட்டிப்போட்டு வாறம்.’ இங்கே கை உண்மையாகவே நெல்லை வயலில் போடுகிறது. வெட்டி முடித்துவிட்டு வருகிறோம் என்றும் கொள்ளலாம். இரண்டு பொருளும் ஒட்டிக்கிடக்கும் இப்படியான இடத்தில்தான் சொல் இலக்கணமாகத் திரும்புகிறது. பிறகு ‘தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வாறன்’ என்கிறோம். போடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ‘முடிந்தது’ என்ற பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நீங்கள் திருத்தி எழுதும் ‘விட்டு’ வந்ததும் இதே வழியால்தான். ‘விழுந்துவிட்டான்’: யார் எதை விட்டார்? ‘மழை வரும் என்று நினைத்தேன்’: ‘என்று’ பிறந்த ‘என்’ என்ற வினைக்குச் சொல்லுதல் என்று பொருள், இங்கே யார் என்ன சொன்னார்? தொல்காப்பியமே ஏழாம் வேற்றுமைக்குக் கண், அகம், புறம், கீழ், மேல் என்று இடம் குறிக்கும் தனிச்சொற்களைத்தான் உருபுபோல் அடுக்குகிறது. இந்த மாற்றத்துக்கு 1912இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே. தமிழில் இலக்கணமயமாதல் என்கிறோம்.

வாய்ச் சோம்பலால் தேய்ந்தது என்ற கதையையும் விடுங்கள். சோம்பல் என்றால் எல்லா ‘விட்டான்’களும் தேய்ந்திருக்க வேண்டுமே! ‘விழுந்திட்டான்’ என்கிறோம். ‘பையைக் கடையிலை விட்டான்’ என்பதை ஒருவரும் ‘கடையிலை இட்டான்’ என்பதில்லை. பொருள் இழந்த துணைவினைதான் தேய்கிறது, பொருளோடு நிற்கும் வினை தேய்வதில்லை. ஆறு வயதுப் பிள்ளைகூட இந்த வேறுபாட்டைப் பிசகாமல் பேசும்.

சிவப்பு மை தேவைப்படும் இடம் வேறு. ‘வந்துவிட்டான்’ என்றால் வந்து சேர்ந்தான். சேர்த்து எழுத வேண்டும். ‘தம்பியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டான்’ என்பதில் விட்டது தம்பியை. பிரித்து எழுத வேண்டும். ஐயம் வந்தால் நடுவில் ஒரு முழுச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘கொண்டுவந்து வாசலில் விட்டான்’ நிற்கும். ‘விழுந்து வாசலில் விட்டான்’ நிற்காது. ஏ, உம், தான் நுழைவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், ‘விழுந்தேவிட்டான்’ துணைவினைதான். சேர்ப்பதையும் பிரிப்பதையும் மாற்றி எழுதினால் பொருளே மாறும், அங்கே புள்ளியைக் குறையுங்கள்.