நான்காவது வாரத்து இருமல்

மேசைமேல் மூன்று காலி மருந்துப் புட்டிகளை வரிசையாக வைத்தார் அந்தத் தாய். "எதற்கும் கேட்கவில்லை, டாக்டர்." நான்கு வயது மகன் அறையைச் சுற்றி ஓடினான், நடுவில் நின்று இருமினான், மறுபடி ஓடினான். காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான். இருமல் தொடங்கிப் பன்னிரண்டு நாள்.

வைரஸால் வரும் மூச்சுக்குழாய் அழற்சியில் இருமல் அடங்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். கிருமி போன பிறகும், புண்பட்ட குழாயின் உட்சுவர் ஆற வேண்டுமே! ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாக இருப்பது மட்டும் ஆன்டிபயாடிக் கொடுக்கக் காரணமாகாது. இருமல் சிரப்பாலும் பெரிய பயன் இல்லை. கோடீன் என்ற அபின் வகை மருந்து கலந்ததை 12 வயதுக்குள் கொடுக்கவே கூடாது. படுக்கும் முன் சிறிது தேன் இதம் தரும், ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆபத்து.

அவனுக்கு மருந்து எழுதவில்லை. நான்கு வாரம் முடியும் தேதியைக் குறித்துக் கொடுத்தேன். அதைத் தாண்டியும் தினமும் நெஞ்சில் சளி புரளும் ஈர இருமல் இருந்தால், பாக்டீரியா குழாயில் தங்கியிருக்கக்கூடும். அதற்கு ஆன்டிபயாடிக்கை வழக்கமாக இரண்டு வாரம் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் இருமலுக்கு அதே மருந்தை வற்புறுத்திக் கேட்பவர்கள், இங்கே ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்!

இரவிலும் ஓடியாடும்போதும் வரும் வறட்டு இருமல், கூடவே இழுப்பு என்றால் ஆஸ்துமாவா என்று பார்ப்போம். குழந்தைகள் மருத்துவர் முன்னால் மட்டும் இருமுவதே இல்லை. செல்பேசியில் பதிவுசெய்து வாருங்கள்.

ஒரு மாதமாக இருமிய இரண்டு வயதுக் குழந்தையின் பாட்டி, நான் கேட்ட பிறகுதான் நினைவுகூர்ந்தார்: "அன்றைக்குக் கடலை தின்றபோது புரையேறியதே!" வலது மூச்சுக்குழாயில் பாதிக் கடலை இருந்தது, உள்நோக்கிக் கருவியால் எடுத்தார்கள்.

குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவை எட்டினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.