லேட்டரைட்: சரளை அல்ல, செம்புரை

வெப்பமும் மழையும் மிகுந்த நிலங்களில் உருவாகும் சிவந்த மண்ணும் கல்லும்தான் லேட்டரைட். அந்தச் சொல் வந்தால் தமிழில் 'சரளை மண்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பாடப்புத்தகம், தேர்வுக் கையேடு, செய்தி என்று எங்கும் இதே கதை. இது பொருத்தமில்லாத சொல் மட்டுமல்ல, அந்த மண்ணைப் பற்றித் தவறாகவே நினைக்க வைக்கும் சொல்.

பெயரின் வரலாறு சுருக்கமானது. ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் வெளியிட்ட பயண நூலில், மலபாரின் அங்காடிப்புரத்தில் பார்த்த கல்லுக்கு இந்தப் பெயரை வைத்தார். இலத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல். தோண்டும்போது கருவிக்கு இணங்கி, காற்றும் வெயிலும் பட்டால் செங்கல்போல இறுகிவிடும் என்பதால் அந்தப் பெயர்.

சரி, சரளை என்றால் என்ன? அது துகளின் அளவைச் சொல்லும் சொல். மண்ணியலில் 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சிறு கற்களெல்லாம் அந்த வகையில்தான் வரும். ஆற்றுக் கூழாங்கல்லும் சரளை, உடைந்த வெண்கல்லும் சரளை. லேட்டரைட்டின் அடையாளமோ அளவில் இல்லை, வேதியியலில் இருக்கிறது. வெப்பமும் மழையும் மிகுந்த நிலத்தில் நெடுங்காலம் பாறை சிதையும்போது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் எல்லாம் நீரோடு போய்விடுகின்றன. சிலிக்காவும் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாகத் தங்குகின்றன. இரும்புக் கனிமங்களில் ஹெமடைட் சிவப்பைத் தருகிறது, கோதைட் மஞ்சள் கலந்த பழுப்பைத் தருகிறது. அலுமினியம் கிப்சைட் என்ற கனிமமாகச் சேர்கிறது, களிமண் பகுதி பெரும்பாலும் கயோலினைட் என்ற களிமண் கனிமம். இத்தனையில் 'சரளை' எங்கே வருகிறது?

லேட்டரைட் நிலத்தில் பட்டாணி அளவு இரும்புக் குருணைகள் கிடக்கின்றனவே என்று சிலர் வாதிடுவார்கள். கிடக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அது பல வடிவங்களில் ஒன்று. கட்டி கட்டியாக வெட்டியெடுக்கும் கல்லும் லேட்டரைட்தான், அதில் குருணையே இல்லாமலும் இருக்கும். ஒரு வடிவத்தின் பெயரை மொத்தத்துக்கும் சூட்டுவது சோம்பல். 'துருக்கல்' என்ற இன்னொரு பெயர் பரவாயில்லை, ஆனால் இரும்பை மட்டும் பிடித்துக்கொண்டு அலுமினியத்தை விட்டுவிடுகிறது. அலுமினியம் மிகுந்த லேட்டரைட்தான் பாக்சைட். வெறுமனே 'செம்மண்' என்பதும் ஆகாது. கிரானைட், நைஸ் பாறைகளிலிருந்து வந்த பல செம்மண்கள் இவ்வளவு கரைத்தெடுக்கப்பட்டவை அல்ல, இப்படி இறுகுவதுமில்லை.

நம்மிடம் நல்ல சொல் ஏற்கனவே இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வட்டங்களை, அதாவது பழங்கால ஈமச் சின்னங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'செம்புராங்கல்' என்று இயல்பாக எழுதுகிறார்கள். 'செம்புரைக்கல்' என்ற வடிவமும் உண்டு, எனக்கு அதுவே பிடித்தது. புரை என்றால் உள்ளே ஓடும் துளை. புரையோடிய புண் என்கிறோமே, அந்தப் புரை. லேட்டரைட்டை வெட்டிப் பார்த்தால் சிவந்த கல்லுக்குள் புழுத் துளைத்ததுபோல நெளிநெளியான துளைகள் தெரியும். நிறமும் உருவமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. கல்லுக்குச் செம்புரைக்கல், மண்ணுக்குச் செம்புரை மண். புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், தவறான பெயர் தவறான வைத்தியத்துக்கு இட்டுச்செல்கிறது. சரளை என்று கேட்டவர் கல் பொறுக்குவதைப் பற்றி யோசிப்பார். இந்த மண்ணின் உண்மையான சிக்கல் அமிலத்தன்மை. அதோடு, கயோலினைட்டும் ஆக்சைடுகளும் சத்துகளைப் பிடித்துவைத்துப் பயிருக்குக் கொடுக்கும் திறன் குறைந்தவை. பாஸ்பரஸ் என்ற மணிச்சத்தோ எதிர்த்திசையில் தொல்லை தருகிறது: இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் போட்ட உரத்தில் பெரும்பகுதி வேருக்கு எட்டுவதில்லை.

இங்கேயும் மொழிபெயர்ப்பாளர்கள் கெடுத்துவைத்திருக்கிறார்கள். இதற்கு 'பாஸ்பரஸ் நிலைநிறுத்தம்' என்று எழுதுகிறார்கள். 'நைட்ரஜன் நிலைநிறுத்தம்' என்று படித்து வளர்ந்தவருக்கு அது பயிருக்கு நன்மை என்றுதான் தோன்றும். அங்கே காற்றிலுள்ளது பயிருக்குக் கிடைக்கிறது, இங்கே மண்ணில் போட்டது பயிருக்குக் கிடைக்காமல் போகிறது. ஆங்கில மூலத்தில் இரண்டுக்கும் 'fixation' என்று ஒரே சொல் இருந்தால் தமிழிலும் ஒரே சொல்தான் வர வேண்டும் என்று யார் விதித்தார்கள்? 'மணிச்சத்து பூட்டப்படுகிறது' என்று எழுதுங்கள். விவசாயிக்கு உடனே புரியும், அப்புறம் சுண்ணாம்பு போட்டு அமிலத்தைத் தணிப்பதும், உரத்தை மண் முழுக்கத் தூவாமல் வேரருகே பட்டையாக இடுவதும் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.